முதுகுப் பாட்டு

இளையபெருமாள் சங்கத்துக்குக் கட்டிக் கொடுத்த பாட்டெல்லாம் சினிமா மெட்டு. நீடாமங்கலம் டூரிங் கொட்டகையில் படம் மாறினால் சங்கத்தில் பாட்டு மாறும். காதலி என்று வருகிற இடத்தில் தோழன் என்று போடுவான். நிலவு என்று வருகிற இடத்தில் செங்கொடி. அளவு கச்சிதமாக உட்காரும். கூட்டத்தில் கை தட்டுவார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவன் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் மாயவரம் ரெத்தினம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் பாட்டுக் குழு அவருடையது. பங்குனியில் தஞ்சாவூரில் மாநாடு. அதற்கு ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்களைக் கேட்டு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார். தை அறுவடை முடிந்த ஒரு மத்தியானம் அவர்கள் தெருவுக்கு வந்து கொடிமேடையில் உட்கார்ந்தார். இளையபெருமாள் பாடினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

"குரல் இருக்கு தம்பி. மெட்டு?"

"படத்துல வர்றதுங்க."

"அது தெரியுது. நானும் அந்தப் படம் பார்த்துட்டேன். வார்த்தை?"

"நான் எழுதினதுங்க."

"உழைப்பவர் குருதின்னு வருதே. உங்க தெருவுல யாரு குருதிங்கறா?" சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, அருவா பட்டு ரத்தம் வந்தா என்ன சொல்லுவீங்க?"

"ஐயோன்னுவோம்" என்றாள் பொன்னுத்தாய். நடவு ஆட்களுக்கு அவள்தான் முன்பாட்டுக்காரி. வாய் சும்மா இருக்காது.

தெருவே சிரித்தது. ரெத்தினமும் சிரித்தார். இளையபெருமாளுக்குக் காது சுட்டது.

"மெட்டு சினிமாக்காரனோடது. வார்த்தை மேடையில பேசறவனோடது. இதுல உன்னோடது தொண்டை மட்டுந்தான். தொண்டை எங்கிட்ட நிறைய இருக்கு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாநாட்டுக்கு முன்னால ஒருதரம் வருவேன். உன்னோடதுன்னு ஒண்ணு வச்சிரு. ஒண்ணே ஒண்ணு போதும். மேடை ஏத்தறேன். இல்லன்னா பாய் விரிக்க வா, அதுக்கும் ஆள் வேணும்."

அவர் போன பிறகும் பொன்னுத்தாய் விடவில்லை. முள் குத்திய பிள்ளை அழுதாலும், "ஏலே, குருதி வந்துருச்சா?" என்றாள். தெருவில் நாலு நாள் அதுதான் பேச்சு.

இளையபெருமாள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். தெருவில் அதுவரை போனவன் அவன் ஒருவன்தான். படிப்பு வேலை தரவில்லை. பாட்டாவது பெயர் தரும் என்று இருந்தான். இப்போது அதையும் ஒருத்தர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தஞ்சாவூர் மேடையில் நிற்க வேண்டும். தன் பாட்டோடு நிற்க வேண்டும். வேறு எதுவும் அவன் மண்டையில் இல்லை.

முதலில் சினிமா மெட்டை விட்டான். விட்டதும் வாய் ஊமையாகிவிட்டது. எந்தப் பக்கம் இழுத்தாலும் கேட்ட பாட்டு ஒன்றில் போய் விழுந்தது. கோயில் சப்பரத்துக்குப் பின்னால் நாயனத்தில் கேட்டது, எதிர்க்கட்சிக்காரன் ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு வார்த்தைகளை விடத் தொடங்கினான். குருதி போயிற்று. விடியல் என்று எழுதினான். அதையும் விட வேண்டியதாயிற்று. புது ஆட்சி வந்த மறுவாரமே துரைராசு மிராசுதாரின் காரில் கொடி மாறியிருந்தது. பொங்கலுக்கு அவர் தலைமையில் நடந்த கூட்டத்தில் அவரே விடியல் என்றார். வியர்வை என்றார். உழைப்பாளி என்றார். அடிமை விலங்கு என்று சொல்லும்போது மோதிரம் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். அவர் வாய் வைத்த வார்த்தையைத் திரும்ப எடுக்க இளையபெருமாளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனான். கடைசியில் 'நாங்கள்' மட்டும் மிஞ்சியது. அதுவும் அவனுடையது இல்லை.

ரெத்தினம் வருவதற்கு முன், அந்தத் தையில் அறுவடைக்குக் கலத்துக்கு அரைப்படி கூலி கூட்டிக் கேட்டுத் தெரு வேலை நிறுத்தம் செய்திருந்தது. அருவாள்களைக் கூரையில் செருகிவிட்டார்கள். துரைராசு தெற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்கினார். இரண்டு வாரம் அடுப்பு சரியாக எரியவில்லை. கடைசியில் கால்படியில் முடிந்தது.

அந்த இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஆம்பிளைகள் கொடிமேடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இளையபெருமாளின் அண்ணன் அரசப்பனும் இருந்தான். அவன் கை முதுகுக்குப் போயிற்று. எடுத்தான். மறுபடி போயிற்று. கதிர் அறுத்துக் கட்டைத் தூக்கிப் போரடித்தால் நெல்லுச் சுணை உடம்பில் ஏறும்; ஆற்றில் விழுந்து புரண்டாலும் இரண்டு நாளைக்கு அரிக்கும். அறுவடை ஓடுகிற நாளில் தெருவே சொறியும். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். அருவாள் எல்லாம் கூரையில் இருந்த நாளில் ஒரு முதுகு மட்டும் அரித்தது.

சங்கச் செயலாளர் கண்ணுசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன அரசப்பா, வைக்கோல்ல படுத்தியா?"

அரசப்பனுக்குப் பொய் வரவில்லை. துரைராசின் வடிவாய்க்கால் ஓரத்து வயலில் லாரி ஆட்களோடு கலந்து இரண்டு நாள் வேலை செய்ததைச் சொல்லிவிட்டான். அவன் பெண்டாட்டி அம்சம் அப்போது பச்சை உடம்புக்காரி. பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பால் வற்றிப் போயிருந்தது. அதை அவன் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

கருங்காலி என்று இரண்டு பேர் எழுந்தார்கள். கண்ணுசாமி உட்காரவைத்தார். பேசினார்கள். கொடிக் கம்பத்தைத் தொட்டு இனிமேல் இல்லை என்று அரசப்பன் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கொடிமேடையைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதன் பிறகு இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தவன் அதே மேடையைப் பெருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சங்கத்தில் அப்படித்தான். பேசி முடித்தால் முடித்ததுதான். அரசப்பன் தொட்டான், சொன்னான், பெருக்கினான்.

அவன் பெருக்குவதைப் பார்த்தபடி ஒரு காலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்த இளையபெருமாளின் வாயில் தானாக ஒரு வரி வந்தது.

அண்ணே, உனக்கு மட்டும் முதுகு ஏன் அரிக்குது?

குச்சியைத் துப்பினான். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். இதை எந்தப் படத்திலும் கேட்டதில்லை. எந்த மேடையிலும் எவனும் சொன்னதில்லை. மெட்டு வேண்டும் என்று தேடக்கூட இல்லை. அதுவும் கூடவே வந்து நின்றது. துரைராசின் களத்தில் நெல் அளக்கிறவன் மரக்காலை நிரப்பித் தலை தட்டிக் கொட்டும்போது இழுத்துச் சொல்வான். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டான், லாபம் என்பான். லாபம், லாபம், ரெண்டு, ரெண்டு என்று போகும். கூலி வாங்க மடியை ஏந்தி நிற்கிறவர்கள் பிறந்ததிலிருந்து கேட்கிற ராகம். அதை ராகம் என்று யாரும் நினைத்ததில்லை.

லாபம் ஒரு மரக்கா, ஐயா
லாபம் ஒரு மரக்கா.
அருவா தொடாத மாசத்துல அண்ணே
முதுகு ஏன் அரிக்குது?
களத்துல மிதிக்காத காலு அண்ணே
இப்ப ஏன் அரிக்குது?

ரெண்டு ஒரு மரக்கா, ஐயா
ரெண்டு ஒரு மரக்கா.
ஆத்துல குளிச்சே, குளத்துல குளிச்சே
சுணை விட்டுப் போச்சா?
அடுத்த வீட்டான் பார்த்த பார்வை
அரிக்குதே, அது போச்சா?

மறுபடி மறுபடி பாடினான். சந்தோஷம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே குடிசை. நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் அம்சம் பிள்ளையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இளையபெருமாள் மூன்றாவது அடியை முணுமுணுத்தான்.

மூணு ஒரு மரக்கா, ஐயா
மூணு ஒரு மரக்கா.
பச்சை உடம்புக்காரி பானையைப் பார்த்தா
பானை அவளைப் பார்த்துச்சு.
பார்த்த பார்வைக்கு நடந்த காலைப்
பழி சொல்லலாமா?

தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.  அன்றைக்கு அம்சம் அவனுக்குக் கஞ்சி ஊற்றும்போது அடியில் இருந்த பருக்கையைத் துழாவி எடுத்துப் போட்டாள்.

கண்ணுசாமியிடம் பாடிக் காட்டினான். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பேசி முடிச்சதுடா அது."

"பேரு இல்லண்ணே பாட்டுல."

"பேரு எதுக்கு? இருக்கறது ஒரு முதுகு."

"நம்ம தெருவுக்குத் தெரியும். தஞ்சாவூர்ல யாருக்குத் தெரியும்? இங்க பாடமாட்டேன். அங்க மட்டுந்தான்."

கண்ணுசாமி தாடையைச் சொறிந்தார். இந்த வட்டாரத்திலிருந்து மாநாட்டு மேடையில் இதுவரை யாரும் ஏறியதில்லை. வலங்கைமான் பக்கத்து ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்துவார்கள்.

"மூணாவது அடி இருக்குல்ல. அதுல நியாயம் சொல்லியிருக்கே. அதனால பாதகம் இல்ல" என்றார். "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு."

இளையபெருமாள் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் இருந்தான். ஒவ்வொரு நாளும் அண்ணன் பெருக்கிவிட்டு வந்து துடைப்பத்தைக் கூரையில் செருகும்போது, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான்.

ரெத்தினம் வந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. முதல் அடியிலேயே நிமிர்ந்தார். இரண்டாவது அடியில் தொடையைத் தட்டினார். மூன்றாவது அடி முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெட்டு எங்க புடிச்சே?"

"களத்துலங்க."

"மிராசு அளக்கற பாட்டாலயே அவனுக்கு அறுத்தவனை அடிக்கறே. எனக்கு நாப்பது வருசத்துல தோணலைடா இது." சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தார். "மூணாவது அடி எடுத்துரு."

"அதுதாங்க..."

"அடி நல்ல அடி. இல்லங்கல. ஆனா மொத ரெண்டு அடிக்கும் கூட்டம் சிரிச்சுக்கிட்டு வரும். இது வந்ததும் சிரிப்பு அடங்கிரும். கருங்காலிக்கு அழுதுட்டுப் போனா அடுத்த போராட்டத்துல எவன் நிப்பான்? சிரிச்சாத்தான் பயப்படுவான். ரெண்டோட நிறுத்து. ரெண்டையும் ரெண்டு தரம் பாடு."

"நியாயம் அதுலதாங்க இருக்கு."

"நியாயத்தைச் செயலாளர் பேசுவாரு. நீ பாட்டைப் பாடு. தஞ்சாவூர் வேணுமா வேண்டாமா?"

 இளையபெருமாள் மூன்றாவது அடியை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினான்.

தஞ்சாவூரில் அவனுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் பாடினார்கள். எல்லாம் தெரிந்த மெட்டு. கூட்டம் வெயிலில் வெற்றிலை மென்றது. அவன் போய் நின்று, மரக்காலைத் தலை தட்டுகிற மாதிரி காற்றில் கையை வழித்து, லாபம் என்று இழுத்தான். பந்தலின் கடைசிவரை தலைகள் திரும்பின. அளவு ராகம். எல்லா ஊர்க் களத்திலும் கேட்டது, மன்னார்குடிக்காரனும் கேட்டது, திருத்துறைப்பூண்டிக்காரனும் கேட்டது. முதுகு ஏன் அரிக்குது என்றதும் சிரிப்பு வெடித்தது. இரண்டாவது தரம் பாடும்போது கூட்டமே பாடியது. யாரோ ஒருத்தர் பக்கத்தில் இருந்தவர் முதுகைச் சொறிந்துவிட, சொறிபட்டவர் அவரை அடிக்க ஓட, பந்தல் கலகலத்தது. கீழே இறங்கியபோது தெரியாத ஆட்கள் தோளைத் தட்டினார்கள். முத்துப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தர், "இந்தப் பாட்டை நான் கொண்டு போகலாமா தம்பி?" என்று கேட்டார். கேட்டது அவனுக்குப் பிடித்திருந்தது. கொண்டு போங்க என்றான்.

ஊருக்கு வந்து தெருவில் பாடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கேட்டவர்களிடம் தொண்டை கட்டியிருக்கிறது என்றான். மாநாட்டுக்குப் போய்வந்த நாலைந்து பேரும் கண்ணுசாமி முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். அரசப்பன் மட்டும் ஒரு நாள் கேட்டான்.

"நல்லா பாடினியாமேடா?"

"ம்."

"எந்தப் பாட்டு?"

"புதுசு ஒண்ணு."

"பெரிய ஆளாயிட்டே" என்று அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை.

மேட்டூர் திறந்து, ஆனியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. குறுவை நடவு. இரண்டு ஊர் தள்ளி ஒரு பெரிய பண்ணையில் ஒரே நாளில் நட்டு முடிக்க வேண்டும் என்று பல ஊர் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இவர்கள் தெருவிலிருந்து பொன்னுத்தாயோடு பெண்கள் போனார்கள். கட்டின நாற்று முடிகளைத் தூக்க அரசப்பனும் இளையபெருமாளும் போனார்கள்.

நடவில் ஒரு வழக்கம் உண்டு. வரப்பில் ஆம்பிளை யார் வந்தாலும், பெண்கள் ஒரு நாற்று முடியை அவன் காலடியில் வைத்து அவனைப் பற்றிப் பாட்டுக் கட்டுவார்கள். வெற்றிலைக்குக் காசு கொடுத்தால்தான் வழி விடுவார்கள். சொட்டைத் தலை, பெரிய தொப்பை, பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று எது அகப்பட்டாலும் பாட்டு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அரசப்பன் இரண்டு முடிகளைத் தூக்கி வந்து வரப்பில் வைத்தான். முடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் முதுகில் வடிந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் வழித்துவிட்டான். அவ்வளவுதான்.

"ஏடி, இங்க ஒருத்தருக்கு அரிக்குதுடி!" என்றாள் வேற்றூர்ப் பெண் ஒருத்தி.

முடி ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்தது. இருபது முப்பது குரல்கள் சேர்ந்து எடுத்தன.

லாபம் ஒரு மரக்கா, ஐயா, லாபம் ஒரு மரக்கா.

இளையபெருமாள் அடுத்த வரப்பில் நின்றான். கையில் நாற்று. அவன் எழுதியதுதான். வார்த்தை மாறவில்லை. முத்துப்பேட்டை வழியாகவோ எந்த வழியாகவோ ஊர் சுற்றி இங்கே வந்திருந்தது. அந்தப் பெண்களுக்கு அதைக் கட்டினவன் யார் என்று தெரியாது. யாரைப் பற்றி என்றும் தெரியாது. வரப்பில் எவன் சொறிந்தாலும் பாடுகிற பாட்டாக ஆகியிருந்தது.

அரசப்பன் முதலில் சிரித்தான். மடியில் காசைத் துழாவினான். அருவா தொடாத மாசத்துல என்று வந்தபோது துழாவின கை நின்றது.

அந்த நேரத்தில் பொன்னுத்தாய் பாடவில்லை. அவளோடு இருந்த அவர்கள் தெருப் பெண்கள் யாரும் பாடவில்லை. குனிந்து நட்டுக்கொண்டே போனார்கள். அவர்கள் குரல் இல்லாத பள்ளம் எல்லோருக்கும் கேட்டது.

"என்னக்கா, நீங்க மட்டும் ஊமையாயிட்டீங்க? உங்க ஊருப் பாட்டுங்கறாங்க!" என்றாள் முதலில் கத்தியவள்.

பொன்னுத்தாய் நிமிரவில்லை. "நடுடி, பொழுது போகுது" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெண் அரசப்பனை நன்றாகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள். ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து பார்த்தார்கள். பாட்டு நின்றுவிட்டது. வயல் முழுக்க நாற்றுக் கையோடு பெண்கள் நின்று ஒரு ஆம்பிளையைப் பார்த்தார்கள்.

அரசப்பன் காலடியில் இருந்த முடியைத் தாண்டி நடந்தான். தம்பியைக் கடக்கும்போது நின்றான்.

"நல்லா இருக்குடா" என்றான்.

கூலி வாங்காமலே போய்விட்டான்.

அதற்குப் பிறகு தெரு ஆட்களோடு அவன் எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. கொடிமேடைப் பக்கம் உட்காரவில்லை. கண்ணுசாமி இரண்டு முறை வந்து கூப்பிட்டார். "பேசி முடிச்சது எல்லாம் இருக்கட்டும், என்னை விடுங்க" என்றுவிட்டான். ஆவணியில் துரைராசின் பண்ணையில் ஆளாகச் சேர்ந்தான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மூங்கில் கொல்லையில் குடிசை போட்டுக்கொள்ள அவர் இடம் விட்டார். தெருவில் இருந்த பாதிக் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக அண்ணனும் அண்ணியும் ஒரு காலையில் வந்தார்கள்.

இளையபெருமாள் கீற்றைப் பிடிக்கப் போனான்.

"நீ தொடாதே தம்பி" என்றாள் அம்சம்.

அவன் கையை எடுத்தான். அரசப்பன் கீற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அம்சம் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி தட்டியின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் அண்ணனைக் கேவலப்படுத்தணும்னு..."

"நான் பாட்டைக் கேட்டேன் தம்பி. வாய்க்கால்ல துணி தொவைக்கையில அந்தப் பக்கத்து வயல்ல பாடினாங்க. உன் பாட்டுன்னு உடனே தெரிஞ்சுச்சு. இந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டதுதானே." கயிறு அறுந்தது. தட்டி சாய்ந்தது. "ரெண்டாவது அடி முடிஞ்சுது. துணியைக் கல்லுல வச்சுட்டு நின்னேன். என் பானை வரும், என் பானை வரும்னு நின்னேன். அவங்க மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்குப் பாட மறந்துபோச்சோன்னு நெனச்சேன். மறுநாளும் போய் நின்னேன். மறுநாளும் வரல."

"அதை எடுக்கச் சொன்னாங்க அண்ணி. சிரிப்பு போயிரும்னு..."

"யாரு சொன்னது?"

"ரெத்தினம் தோழர்."

"அவரு என் வீட்டுல கஞ்சி குடிச்சவரா?"

அவன் கீழே கிடந்த கயிற்றுத் துண்டைக் குனிந்து எடுத்தான்.

"உனக்குப் பாட்டு வராம நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் புரண்டே. எங்க கதைதானே, எடுத்துக்கட்டும்னுதான் நானும் இருந்தேன். முழுசா எடுத்திருந்தா நாங்க இங்கயே இருந்திருப்போம்." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "பாதியை எடுத்துக்கிட்டே. மீதியை நாங்க எங்க கொண்டு போய் வைக்கறது?"

தட்டியை இழுத்துக்கொண்டு போனாள். அது தெரு மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. அவன் பக்கத்துக் குடிசை ஒரு பக்கம் திறந்து நின்றது.

புரட்டாசியில் குறுவை விளைந்தது. போன தையில் ஒத்துக்கொண்ட கால்படியைத் துரைராசு தர முடியாது என்றார். பேச்சுவார்த்தை நடந்தது. தாசில்தார் வந்தார். தேதி போட்டார். தேதி தள்ளிப்போயிற்று. தெரு மறுபடி அருவாள்களைக் கூரையில் செருகியது. துரைராசு மறுபடி லாரி அனுப்பினார். இந்த முறை லாரி ஆட்களுக்கு வயலையும் மடையையும் காட்டிக் கொடுக்க உள்ளூர் ஆள் ஒருத்தன் இருந்தான்.

சங்கம் வடிவாய்க்கால் கரையில் மறியல் போட்டது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ரெத்தினம் பாட்டுக் குழுவோடு வந்திருந்தார். ரோட்டில் போலீஸ் வேன் நின்றது. கரைக்கும் வயலுக்கும் நடுவே லத்தியோடு ஒரு வரிசை. அதற்கு அப்பால் லாரி ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், தலையில் துண்டு, வெறும் முதுகு, அரசப்பன்.

வேண்டுமென்றே கிட்டத்து வயலில் இறங்கியிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

கரையில் முதலில் கோஷம் போட்டார்கள். பிறகு வைதார்கள். ஒருத்தன் மண்ணாங்கட்டியை எடுத்தான், கண்ணுசாமி பிடுங்கிப் போட்டார். அடிதடி வந்தால் போலீஸ் காத்துக்கொண்டிருக்கிறது. வேறு ஏதாவது வேண்டும்.

"பாட்டு!" என்றது ஒரு குரல். "முதுகுப் பாட்டு!"

"எங்க இளையபெருமாள்? பாட்டு கட்டினவனை முன்னால விடுங்கய்யா!"

கூட்டம் வழி விட்டது. அவன் போகவில்லை. கூட்டமே அவனைத் தள்ளிக்கொண்டு வந்து கரையின் ஓரத்தில் நிறுத்தியது. பொன்னுத்தாய் பெண்களோடு ஓரமாக நின்றாள். இந்த முறை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"எனக்குத் தொண்டை..." என்றான்.

"தொண்டைக்கு என்ன கேடு?" ரெத்தினம் பக்கத்தில் வந்து காதில் பேசினார். "உன் பாட்டுக்குன்னே ஒருத்தன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறான். இதைவிட மேடை உனக்கு எவன் தருவான்? நீ எடுக்கலன்னா வேற எவனாவது எடுப்பான். அப்புறம் அது அவன் பாட்டு."

அதுதான் அவனைக் குத்தியது. பின்னால் யாரோ ஒரு மாயவரத்துப் பையன் தொண்டையைக் கனைத்தான். கனைப்பு முடிவதற்குள் இளையபெருமாள் கையை உயர்த்திக் காற்றை வழித்தான்.

லாபம் என்று இழுத்தான். கரை முழுக்க வாங்கிக்கொண்டது.

தஞ்சாவூரில்கூடக் குரல் இப்படி வரவில்லை. தண்ணீர் நின்ற வயல்கள் மேல் தட்டித் தட்டிப் போயிற்று. முதல் அடி. இரண்டாவது அடி. லாரி ஆட்களில் இரண்டு பேர் தங்களையறியாமல் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், கரை சிரித்தது. போலீஸ்காரர் ஒருத்தருக்கும் உதடு கோணியது. அரசப்பன் அறுத்துக்கொண்டே இருந்தான். அருவாளின் வேகம் மாறவில்லை.

இரண்டாவது தரம் இரண்டாவது அடி முடிந்தபோது அரசப்பன் நிமிர்ந்தான். கரையைப் பார்க்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். இரண்டு கையாலும் விரித்தான். முதுகு மறையும்படி போர்த்தி, இரண்டு முனைகளையும் கழுத்துக்கு முன்னால் முடிந்துகொண்டான். வெயில் நேராக அவன் வெறுந்தலையில் விழுந்தது. மறுபடி குனிந்தான்.

கரையில் சிரிப்பு தடுமாறியது. யார் வாயிலும் அடுத்தது வரவில்லை.

இளையபெருமாளுக்கு வந்தது.

அவன் தேடவில்லை. வேண்டாம் என்று பல்லைக் கடித்தான். அது கேட்கவில்லை. வார்த்தை வார்த்தையாக இல்லை, முழுசாக, எந்தப் பக்கமும் தட்ட வேண்டாத அளவோடு வந்து நாக்கில் உட்கார்ந்தது. இதற்கு முன் எவனும் எழுதாதது. நல்ல அடி. முதல் இரண்டையும்விட நல்ல அடி.

ரெத்தினம் அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுகொண்டார். "விடு" என்றார்.

மூணு ஒரு மரக்கா, ஐயா
மூணு ஒரு மரக்கா.
தலையில இருந்த துண்டு அண்ணே
முதுகுக்கு ஏன் வந்துச்சு?
வெயிலுக்குத் துண்டா, எங்க
கண்ணுக்குத் துண்டா?

கரை வெடித்தது. ஒரு தரம் கேட்டதுமே கூட்டத்துக்குப் பாடம் ஆகிவிட்டது. வெயிலுக்குத் துண்டா, கண்ணுக்குத் துண்டா என்று கை தட்டிப் பாடினார்கள். ரெத்தினம் அவன் தோளை இறுக்கினார். பொன்னுத்தாய் முந்தானையை உதறிக்கொண்டு கரையிலிருந்து இறங்கித் தெருவைப் பார்த்து நடந்தாள்.

வயலில் அரசப்பன் கதிரைப் பிடித்த கையோடு சற்று நின்றான். பிறகு அறுத்தான்.

இளையபெருமாள் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் அது நின்றிருக்காது.